பட்டப்பகலில் வானம் கேட்ட புனல்காரர்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் என் பிழைப்பைக் கெடுத்தவர்கள் வரிசை பெரிது. கார்ப்பரேஷன், கரண்ட் ஆபீஸ், ரோட்டைத் தோண்டிவிட்டு மறந்துபோகிறவர்கள், என் மச்சான். ஆனால் வானத்தைக் காரணம் காட்டி ஒரு வெல்டிங் கடையை மூட வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மாடியில் குடியிருந்தார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கட்டிடத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. புனல்காரர் என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

கட்டிடம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். கீழே இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் என் கடை. முதல் மாடியில் ஓனரம்மா. அதற்கு மேல் இரண்டு குடித்தனம். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் புனல்காரர். பொம்மசந்திராவில் ஏதோ எலக்ட்ரானிக் சாமான் செய்யும் ஃபேக்டரியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். ஃபேக்டரியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் போகவில்லை. டிவி, செட்டாப் பாக்ஸ் ரிப்பேர் செய்து சாப்பிட்டார். கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்த அம்மா அந்தப் புனலை என் கடை பழைய இரும்போடு போட்டுவிட்டிருப்பாள்.

புனல் என்பது இதுதான். அட்டைப்பெட்டிகளை வெட்டி, உள்ளே அலுமினிய ஃபாயில் ஒட்டி, வாய் ஓர் ஆள் கையை விரித்த அகலம், அடியில் ஒரு சதுரத் தகர டின். கேட்டுக்கு பெயின்ட் அடிக்கத் தின்னர் வாங்குவேனே, அந்தக் காலி டின். என் கடையில்தான் கேட்டு வாங்கிப் போனார். குப்பைதானே என்று கொடுத்தேன். டின்னிலிருந்து ஒரு வயர் கிளம்பி அவருடைய பழைய லேப்டாப்புக்குப் போகும். அதை வடக்கே சாய்த்து, செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். பக்கத்துக் கட்டிடத்துப் பெண்கள் முதலில் அதை வடாம் காயப்போடும் மெஷின் என்று நினைத்தார்கள். மழைத் தண்ணீர் திருடுகிறார் என்று யாரோ கார்ப்பரேஷனுக்குப் போன்கூடச் செய்தார்கள். அந்த வருஷம் மழையே இல்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குக் கீழே இறங்கி வந்தார். நான் ஒரு பால்கனி கிரில்லுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

"குரு, இதைக் கொஞ்சம் நிறுத்து. மேல பால்வெளி வந்திருக்கு."

எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் குருதான். முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன். குடித்த மாதிரி தெரியவில்லை.

"பட்டப்பகல்லயா?"

"கண்ணுக்குத்தான் பகல். காதுக்கு ஏது பகலு? நான் பாக்கல, கேக்குறேன். உன் ராடு போடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"மூணு மாடி மேல சத்தம் கேக்குதா?"

"அந்தச் சத்தம் இல்ல. உன் ராடு நுனியில எரியுதே, அதுலேர்ந்து என்னென்ன வருது சொல்லு."

"நெருப்பு வருது. இன்னும் கொஞ்ச நேரத்துல என் வாயிலேர்ந்தும் வரும்."

அவர் கோபப்படவே மாட்டார். எதிரே இருப்பவனுக்குக் கோபம் வர அதுவே போதும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாக்குறியே, அது வெளிச்சம். கையில சுடுதே, அது வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் நீளமான அலை. கண்ணாடி இல்லாம பாத்துட்டு வீட்டுக்குப் போய், கண்ணுல மணலக் கொட்டின மாதிரி துடிக்கிறியே, அது கொஞ்சம் குட்டை அலை. நீட்டிக்கிட்டே போனா ரேடியோ. அதுவும் இங்கேர்ந்து கிளம்பி நேரா என் புனல்ல வந்து விழுது. எல்லாம் ஒரே சாமான்தான் குரு. நீளம்தான் வேற வேற."

"சரி. அதுக்கு?"

"வானத்துலேர்ந்தும் இது அத்தனையும் வருது. காத்து முக்காவாசியைத் தடுத்துடும். நல்லா திறந்திருக்கிற ஜன்னல் ரெண்டுதான். ஒண்ணு கண்ணால பாக்குறது. இன்னொண்ணு ரேடியோ. அந்த ரெண்டாவது ஜன்னலுக்கு நேர் கீழ நீ கடை போட்டிருக்க."

நான் ஜன்னலை அடைத்துச் சம்பாதிக்கிறவன். ஜன்னலைத் திறந்து வை என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

தொல்லை தாங்காமல் மேலே போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் நடுங்கும் கோடு ஒன்று. நடுவில் கொசு கடித்தது போல ஒரு சின்ன வீக்கம். அவ்வளவுதான். இதற்குத்தான் என் வேலை நின்றிருந்தது.

"அதான் ஹைட்ரஜன்" என்றார், சொந்தக்காரனை அறிமுகம் செய்கிற மாதிரி. "நட்சத்திரத்துக்கு நடுவுல இருட்டுல குளிர்ந்து கிடக்குற வாயு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரே ஒரு அலையில முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். நீளம் கிட்டத்தட்ட ஒரு சாண்." கையை விரித்துக் காட்டினார்.

"இதக் கேட்டு என்ன பண்ணப் போற?"

"பூமி சூரியனச் சுத்துதான்னு பாக்கப் போறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ் கிட்டே வரும்போது ஹார்ன் ஒரு மாதிரியும் தாண்டிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, அதுபோல பூமி அந்த வாயுவை நோக்கிப் போகும்போது வீக்கம் ஒரு பக்கம் நகரும், விலகும்போது மறுபக்கம் நகரும் என்றார். வானத்தில் அதே இடத்தை ஒரு வருஷம் விடாமல் கேட்டால், வீக்கம் போய்விட்டுத் திரும்பி, அடுத்த பொங்கலுக்குக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

"யோவ், பூமி சுத்துறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"தெரியும்கிறாங்க. நீ பாத்தியா?"

பதில் வராத கேள்வி கேட்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். இருந்தாலும், ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நானும் சாப்பிடத்தான் போவேன். ஒரு வருஷம் அந்த நேரத்தில் மெஷினைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். கையை வேறு குலுக்கினோம்.

இங்கேதான் அந்த ஆள் என்னைக் கவிழ்த்தார். பிப்ரவரி நடுவில் பதினோரு மணிக்கு இறங்கி வந்து "குரு, நிறுத்து" என்றார்.

"ஒரு மணின்னுதானே பேச்சு?"

"அது போன மாசம். வானம் நம்ம கடிகாரத்தப் பாத்து வராது. தினம் நாலு நிமிஷம் முன்னாடி வரும். மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் ஆயிடும்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலியே."

மார்ச்சில் ஒன்பது மணி. கடை திறந்து, மெஷின் சூடாகி, இரண்டு பேர் கேட் கேட்டு வாசலில் நிற்கும் நேரம். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். உண்மையாகவே புனலை உடைக்கத்தான் போனேன். அவர் வெயிலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப், தலையில் ஈரத்துண்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். ரேடியோவுக்கு எதற்கு அந்த விரல்? பேசினால் ஒன்றும் ஆகாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த நாலு நிமிஷம் அவரையும் சும்மா விடவில்லை. கேட்டு முடித்ததும் எதிர் டீக்கடைக்கு வருவார். டீக்கடை மஞ்சண்ணாவுக்கு ஒவ்வொரு நாளும் அவர் கொஞ்சம் முன்னதாக வருகிற மாதிரி ஒரு சந்தேகம்.

"ஏன் புனல் சார், உங்க வாட்ச் கெட்டுப் போச்சா?"

"என் வாட்ச் சரியா இருக்கு மஞ்சண்ணா. ஊர் வாட்ச்தான் சூரியனக் கட்டிக்கிட்டு அழுது."

மே மாசம் பால் வருவதற்கு முன்பே வந்து ஷட்டரைத் தட்டினார். மஞ்சண்ணா அவரை விரட்டியது தெருவுக்கே கேட்டது. பிறகு மழைக்காலம் முழுக்க அவர் இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்கினார். எனக்கு நிம்மதி. ஆனால் பகலில் தூங்கும் மனிதனின் தலைக்குக் கீழே வெல்டிங் வைப்பதும் அவ்வளவு சுகமாக இல்லை.

என்னோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. செப்டம்பரில் கேட்கும் நேரம் இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தபோது, அந்த வீக்கத்தின் பக்கத்தில் இன்னொரு பெரிய வீக்கம் எழுந்தது. நான் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். நாலு நிமிஷம் முன்னதாக வந்தால் அது வானத்துடையது. டாண் என்று ஊர்க் கடிகாரப்படி வந்தால் அது நம்ம தெருவுடையது. இது டாண் என்று வந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மிக்ஸியை நிறுத்தச் சொன்னார், எல்.இ.டி பல்பை அணைக்கச் சொன்னார், சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். கடைசியில் பிடிபட்டது ஓனரம்மாவின் கால் அமுக்கும் மெஷின். மகள் வாங்கி அனுப்பியது. சீரியல் ஆரம்பித்ததும் அந்த அம்மா அதில் காலை வைப்பார்.

"என் கால் வலிக்கும் ஆகாசத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"பெரிய சம்பந்தம்மா. பால்வெளியில உங்க காலு தெரியுது."

ஓனரம்மா அன்றே அவரைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாவின் டிவியை இலவசமாக ரிப்பேர் செய்கிறவர் இவர் ஒருவர்தான்.

புனல்காரரின் இருமல் எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. அவரைப் போலவே, கவனிப்பதற்குள் பழகிவிட்டது. ஒருநாள் கடை வாசலில் நின்று இருமி, மூச்சுக் கிடைக்காமல் என் கேட் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். நான் திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் பாடம் ஆரம்பித்தார்.

"இதுவும் வெளிச்சம்தாம்மா. ரொம்பக் குட்டை அலை. வானத்துலேர்ந்தும் வருது. காத்து நமக்காகத் தடுத்துக்கிட்டு நிக்குது. ராக்கெட்ல போனாத்தான் பாக்கலாம்."

"மூச்சை இழுத்துப் பிடிங்க அங்கிள்" என்றது அந்தப் பெண். அவரால் பிடிக்க முடியவில்லை. மூன்று தடவை எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே அட்மிட் ஆகச் சொன்னார். புனல்காரரும் படத்தை வாங்கி, நுரையீரலில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பொங்கல் முடியட்டும் டாக்டர்."

"ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. பூமி திரும்பி வரணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆட்டோ டிரைவர் நடுவில் திரும்பி, "விடு குரு, பாவம்" என்று கன்னடத்தில் எனக்குப் புத்தி சொன்னார். ஒரு மாசம் படுக்கையில் கிடந்தால் கேட்பது நடுவில் அறுந்துபோகும், மறுபடி ஒரு வருஷம் கேட்க வேண்டும், அதற்குத் தன்னிடம் வருஷம் இல்லை என்றார் புனல்காரர்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபைல் டவர் வந்தது. ஓனரம்மா மொட்டை மாடியை டவர்காரர்களுக்கு விட்டுவிட்டார். புனல் இருக்கும் அதே மூலை. டவர் நின்றால் புனல் செவிடு. டவரின் அடிக் கூண்டை இரும்பில் செய்ய வேண்டும். கீழேயே வெல்டர் இருக்கும்போது வெளியே எதற்கு என்று ஓனரம்மாவே என்னைக் கைகாட்டினார். நான் ஒப்புக்கொண்டு அளவெடுக்க மாடிக்குப் போனேன். புனல்காரர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயா குரு?"

"நான்தான். வேற எவன்கிட்டயாவது போனா பத்து நாள்ல முடிச்சு நிறுத்திட்டுப் போயிடுவான்."

"நீ?"

"யோவ், நான் என்னைக்குய்யா சொன்ன நேரத்துக்கு வேலை முடிச்சிருக்கேன்?"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெங்களூரில் பழைய வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைப்பார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். நான் அதையே தொழிலாகச் செய்கிறவன். டவர் காண்ட்ராக்டருக்கு என் முழுத் திறமையையும் காட்டினேன். ஆயுத பூஜை முடியட்டும். ஆங்கிள் இரும்பு வரவில்லை. வந்த ஆங்கிள் கோணல். ராடு நமுத்துவிட்டது. கடைப் பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மெஷினில் காயில் எரிந்துவிட்டது. வெல்டர் தாமதம் செய்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சீக்கிரம் முடித்தால்தான் சந்தேகப்படுவார்கள். ஓனரம்மா மட்டும் ஒருநாள் படியில் நின்று என்னையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து கால் அமுக்கும் மெஷின் ஓடவில்லை.

அக்டோபரில் ஏழு மணி. நவம்பரில் ஐந்து. மாசம் ஒரு தடவை, வீக்கம் நிற்கும் இடத்தை அவர் கைப்பிடிச் சுவரில் கோடு போட்டு வைப்பார். இரும்பில் குறி போட நான் வைத்திருக்கும் மாக்கல் துண்டால். ஜூன் வரை கோடுகள் ஒரு பக்கமாகப் போயிருந்தன. அப்புறம் வளைந்து திரும்பின. டிசம்பர்க் கோடு முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா. நான் கேட்டு வைக்கிறேன்" என்றேன்.

"உன்னை நம்பி பூமிய விட முடியாது" என்றார். "நீ நாளைக்கு வான்னு சொல்லிடுவ."

டிசம்பர் முடிகிற நேரம். இரண்டரை மணிக்கு மெஷினை நிறுத்தினேன். நாலு மணிக்கு மஞ்சண்ணா எதிரிலிருந்து கத்தினார். "புனல் சார் இன்னைக்கு லேட்டு."

அந்த மனிதர் ஒரு வருஷமாகத் தினமும் முன்னதாகவே வந்தவர். நான் ஓடினேன். நாற்காலியில் இருந்தார். தலையில் துண்டு, மடியில் லேப்டாப். கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. வீக்கம் அதன் பாட்டுக்கு இருந்தது. அவர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு இருந்தது? இத்தனை நாள் கூண்டை இழுத்தடித்தேனே, எவனுக்காக? வேலூரிலிருந்து அண்ணன் ஒருவர் வந்தார். உடம்பையும் லேப்டாப்பையும் எடுத்துப்போனார். இதை எங்கே வைப்பது என்று புனலைக் காட்டிக் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

பொங்கல் மறுநாள் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்குப் போனேன். சுவரில் கோடுகள் இருந்தன. நான் தினமும் கம்பி வளைக்கிறவன். ஒரு வளைவு போய்க்கொண்டிருந்தால் அது எங்கே வந்து முடியும் என்று என் கைக்குத் தெரியும். கடைசிக் கோடு எங்கே விழ வேண்டும் என்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. மாக்கல்லைக்கூட எடுத்துவிட்டேன்.

நீ பாத்தியா என்று கேட்பார். நான் பார்க்கவில்லை. மாக்கல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு, இரண்டு மணி வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே கூண்டை முடித்துக் கொடுத்தேன். "இவ்ளோ வேகமா வேலை செய்வியா நீ?" என்று காண்ட்ராக்டர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நியாயம்தான். டவர் நின்றது. அதன் பெட்டி அந்தச் சுவரை மறைத்துவிட்டது. மாடியில் இப்போது போன் சிக்னல் பிரமாதமாக இருக்கிறதாம். புனல் என் கடை உத்தரத்தில் தொங்குகிறது. அட்டை ஊறிப்போய், ஃபாயில் உரிகிறது. பழைய இரும்புக்காரர் மாசாமாசம் அந்த டின்னைக் கேட்கிறார். நாளைக்கு வரச் சொல்கிறேன்.

இது மார்ச் மாசம், பால்வெளி ஒன்பது மணிக்கு மேலே வரும். இன்று காலை ஒன்பது மணிக்கு மெஷினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கேட் செய்யச் சொல்லியிருந்த ஒருவர் வந்து நின்று, "என்னங்க, கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "ஒரு மணி நேரத்துல வந்துடும்."

அவர் அண்ணாந்து, எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு மஞ்சண்ணா கடைக்கு டீ குடிக்கப் போனார்.